ஒரு மைக்குக்கு இரண்டு தாளக்காரர்

துடியலூர்,
21-11-1994

கர்த்தருக்குள் பெரும் மரியாதைக்குரிய சோமனூர் மாமா அவர்களுக்கு, மருமகன் பாலுசாமி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகள் நவமணியும் குழந்தைகளும் சுகம். அங்கே நீங்களும் அத்தையும் தறிகளும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். சுகம் என்று வழக்கத்துக்கு எழுதிவிட்டேனே தவிர, எனக்கு வயிறு எரிகிறது மாமா. மோர் குடித்துப் பார்த்தேன், கேட்கவில்லை.

பதினோரு வருஷமாக எங்கள் சபையில் தபேலா என்றால் நான்தான். ஜூன் மாதம் எங்கள் மில்லுக்கு எலக்ட்ரீசியனாக பெங்களூரிலிருந்து ஸ்டீபன் ராமுலு வந்தான். கல்யாணமாகாத ஆள். கூடவே ஒட்டிப் பிறந்த மாதிரி இரண்டு குட்டி மேளம், போங்கோவாம். நான் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு, சுத்தியலால் தட்டிச் சுருதி சேர்ப்பதற்குள் அவன் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பாட்டை முடித்துவிடுகிறான். பெண்கள் பக்கம் ஒரே கைதட்டல். "ஏனுங்க, ராமுலு தம்பி வாசிச்சா பாட்டுக்கே உசுரு வருதுங்க" என்று உங்கள் மகளே சொல்கிறாள், அதுவும் எனக்குச் சோறு போடும்போது. அப்போ பதினோரு வருஷமா பாட்டெல்லாம் செத்தா கிடந்துச்சு என்று கேட்டேன். "நா எப்பங்க அப்படிச் சொன்னேன், ரசம் ஊத்தட்டுங்களா?" என்கிறாள்.

கிறிஸ்துமஸ் கீத ஆராதனைக்குத் தாளத்துக்கு ஒரே மைக்தான் உண்டு, யாருக்கென்று ஜெபித்து முடிவு செய்யலாம் என்று ஆயர் சொல்லிவிட்டார். பண்டிகை அன்றைக்கு மைக் இல்லாமல் நான் அங்கே உட்கார்ந்து என்ன, ஈயா ஓட்டுவது? அதனால் ஒரு காரியம் செஞ்சுபோட்டேன் மாமா. எங்கள் கோயில் வாசலில் ஜெப விண்ணப்பப் பெட்டி இருக்கிறது. பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போட்டால் ஆயர் உரக்க வாசிப்பார், சபை முழுதும் அதற்காக ஜெபிக்கும். இடது கையால் எழுதிப் போட்டேன்: "பாடகர் குழுவில் தாளம் பிசகும் ஒரு சகோதரர், வெளியூருக்கு மாற்றலாகிக் குடும்பத்தோடு சந்தோஷமாய்ப் போய்ச் சேர ஜெபிக்கவும்." மரியாதைக்காகத்தான் குடும்பத்தைச் சேர்த்தேன். ஒருத்தரைத் தனியாகப் போகச் சொல்வது நம் பக்கத்தில் வழக்கமில்லையே. ராமுலுவுக்கு ஏது குடும்பம்? நேற்று ஆயர் வாசித்ததும் சபையே என்னைத் திரும்பிப் பார்த்தது. குடும்பம் என்ற வார்த்தை வருவதற்கு முன்னாலேயே பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள் என்று நவமணி சொல்கிறாள்.

முன்னால் வந்து முழங்கால் போடச் சொன்னார்கள், போட்டுத் தொலைத்தேன். முதல் ஆளாக ஓடி வந்து என் தலையில் கை வைத்தவன் ராமுலு. "எங்க அண்ணனுக்கு நல்ல இடமாக் குடுங்க ஆண்டவரே" என்று அழுகிறான், நிஜக் கண்ணீர். அப்போதும் விரல் சும்மா இல்லை, என் மண்டையிலேயே தாளம் போட்டது. ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை மாமா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகையால் நீங்கள்தான் கை கொடுக்க வேண்டும். எங்கள் மில்லின் சோமனூர் கிளை மேனேஜர் உங்களுக்குப் பழக்கம். ஒரு வார்த்தை சொல்லி, கிறிஸ்துமஸுக்கு முன்னால் ராமுலுவை அங்கே இழுத்துக்கொள்ளச் செய்யுங்கள். நல்ல வேலைக்காரன், பீடிகூடக் குடிக்கமாட்டான். உங்கள் சபையிலும் தாளத்துக்கு ஆளில்லை என்று அத்தை போன தடவை சொன்னார்களே.

உங்கள் தறியில் நூல் அறாமலும் அத்தைக்கு முழங்கால் வலி திரும்பாமலும் கர்த்தர் காப்பாராக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மருமகன்,
யோ. பாலுசாமி

பி.கு.: தபாலில் போட மறந்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்றைக்குப் புதன். காலையில் மில்லில் எனக்கு மாற்றல் தாள் கொடுத்துவிட்டார்கள். குடும்பத்தோடு, சோமனூர் கிளைக்கு, ஒண்ணாந்தேதி முதல். 'அண்ணன் ரொம்ப ஆசைப்படறாருங்க' என்று எங்கள் மில் மேனேஜர் காலில் விழாத குறையாக ராமுலுதான் கேட்டு வாங்கிக் கொடுத்தானாம். மாமா, மேலே எழுதினதை அப்படியே உட்டுப்போடுங்க. அவனை மட்டும் அங்க கூப்புட்டுப்போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். தபேலாவோட வாரேனுங்க. உங்க சபையில மைக் எத்தனை இருக்குதுங்க?