துலேகனின் குதிரை

துலேகனின் தலையில் பசை தடவி ஏழு கம்பிகளை ஒட்டியிருந்தார்கள். எதிரே திரையில் ஒரு பழுப்புக் குதிரை. பத்து நிமிடமாக நின்ற இடத்திலேயே நின்றது.

“ஓடித் தொலையேன்!” என்று கத்தினார்.

“கத்தினா நிக்கத்தான் செய்யும் ஐயா,” என்றாள் பயிற்சி தரும் மதினா. “மூளை அமைதியானா ஓடும், கொதிச்சா நிக்கும். மெஷின் காட்ட மட்டும்தான் செய்யும். அதைப் பாத்துப் பாத்து மூளை தானாவே அடங்கக் கத்துக்கும்.”

அடங்கியே ஆகவேண்டும். அல்மாட்டியில் டிராலிபஸ் ஓட்டும் துலேகனுக்கு மூக்கு நுனியில் கோபம். விருந்தாளி அறுத்துப் பங்கிட வேண்டிய வெந்த ஆட்டுத்தலையைத் தப்பாக அறுத்தார் என்று சம்பந்தியிடம் கத்தி, மகள் ஜானெலின் முதல் சம்பந்தத்தை முறித்தவர். அடுத்த மாதம், அவர் இன்னும் பார்த்தேயிராத புதுச் சம்பந்தி விருந்துக்கு வருகிறார்.

“இந்தத் தடவையும் கத்தினீங்கன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்பா,” என்று அழுதுவிட்டு, இந்தப் பயிற்சி நிலையத்தில் நேரம் வாங்கித் தந்ததும் ஜானெல்தான்.

துலேகன் மலைப் புல்வெளியை நினைத்தார். குதிரை ஒரு காலைத் தூக்கியது.

“நட கழுதை!” தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு குரல் இடித்தது. குதிரை காலை இறக்கிவிட்டது.

“யாருய்யா அது? என் குதிரை நின்னு போச்சு!”

“அதுக்கு நான் வந்து புல்லு போடணுமா?”

மறுநாள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டார். தான் முணுமுணுப்பதாக நினைத்து ஊரே கேட்கத் திட்டினார். அந்தப் பக்கத்துக் குதிரையும் நின்றது. ஜானெலிடம் சொல்லிக் காலை நேரத்தை மாலைக்கு மாற்றினார்.

“சாயங்காலமும் வந்துட்டியா!” என்றது அதே குரல்.

பதினைந்தாம் நாள் குரல் மறுபடி கத்தியது. துலேகனிடம் திட்டுவதற்குப் புதிதாக ஒன்றும் மிச்சமில்லை. சிரிப்புதான் வந்தது. குதிரை பிய்த்துக்கொண்டு ஓடியது. அந்தப் பக்கமும் குளம்புச் சத்தம்.

விருந்து நாள். சம்பந்தி மனைவியோடு வந்து தொப்பியைக் கழற்றினார். முடியில் காய்ந்த பசை.

“சலாம்,” என்றார். அதே குரல்.

இரண்டு முகங்களும் சிவந்தன. துலேகனின் கை முஷ்டியானது. ஜானெலைப் பார்த்தார். பாவம், தேநீர்க் கிண்ணத்தோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குள் பழுப்புக் குதிரை வந்து நின்றது. ஓடவிட்டார்.

சம்பந்தி ஆட்டுத்தலையை அறுத்தார். சுத்தமாகத் தப்பு.

“பிரமாதம்,” என்றார் துலேகன்.

“உங்க வீட்டு ஆடாச்சே,” என்றார் சம்பந்தி.

சம்பந்தியின் மனைவி தேநீரை வாங்கிக்கொண்டு, ஜானெலின் காதில் சொன்னாள்: “ரெண்டு பேருக்கும் நீ ஒரே நேரமா வாங்கினது நல்லதாப் போச்சு கண்ணு. போட வேண்டிய சண்டையையெல்லாம் அங்கயே போட்டு முடிச்சிட்டாங்க.”