உங்கள் பெண்ணுக்கு நான் தண்ணீர் கொடுக்காத விவகாரம்

அன்புள்ள சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நேற்று நீங்கள் போனில் பேசிய வேகத்தைப் பார்த்தால் உங்கள் இரத்த அழுத்தம் சுகமாக இல்லை. நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் எதிர்வீட்டில் இருக்கும் உங்கள் ஒன்றுவிட்ட தங்கை சொன்னதெல்லாம் உண்மை. உங்கள் பெண்ணின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். தண்ணீர் கேட்டாள், கொடுக்கவில்லை. கையில் கடிகாரத்தோடு அவள் பக்கத்தில் நின்று கத்தினேன். அவள் அழுததும் நிஜம். ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தவருக்கு மேசைமேல் இருந்த மாதிரித் தேர்வுத் தாள் மட்டும் தெரியவில்லை.

மேல்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதினாளே, அதில் மதிப்பெண் ரொம்பக் குறைந்துவிட்டது. "அம்மாகிட்ட சொல்லாதீங்க அத்தை, தாங்க மாட்டாங்க" என்றாள். நேற்று உங்கள் குரலைக் கேட்டபிறகு அவள் சொன்னது சரியென்றே பட்டது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவள் இல்லையா, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கிற பழக்கம். பரீட்சையிலும் ஒரே கணக்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கடைசிக் கேள்விகளை எட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை. தப்புகளை எல்லாம் அலசிப் பார்த்தால், தெரியாமல் விட்டது கொஞ்சம், நேரமில்லாமல் விட்டதுதான் முக்கால்வாசி.

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, "எனக்கு இதெல்லாம் வராது அத்தை. விட்டுடறேன்" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "கேள்விய விடு, பரீட்சைய விடாத! இன்னொரு தடவை எழுது" என்றேன்.

தேர்வு அறைக்குள் போன் கிடையாது, தண்ணீர் கிடையாது என்றாள். சரி, வீட்டிலும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். கேள்விக்கு ஒன்றரை நிமிடம், தாண்டினால் "விடு! அடுத்தது!" என்று கத்துவது என் வேலை. பக்கத்து இருக்கைக்காரர் இருமினால் கவனம் சிதறுகிறது என்றாள்; இருமுவதற்கென்றே என் மகனை அருகில் உட்காரவைத்தேன். நன்றாகத்தான் இருமினான், பிறகு அங்கேயே தூங்கிவிட்டான். அவனுக்குக் காசநோய் என்று உங்கள் தங்கை சொல்லியிருந்தால் அது மட்டும் பொய்.

அவள் அழுதது எப்போது தெரியுமா? முதல் தடவையாக எல்லாக் கேள்விகளையும் முடித்துவிட்டு, நேரம் இன்னும் மீதி இருந்த அன்று. நானும் அழுதேன். அதை எதிர்வீட்டில் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

இரண்டாம் தடவை போய் எழுதிய தேர்வுக்கு இன்று காலை முடிவு வந்தது. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். "அத்தை, ஏறிடுச்சு! காலேஜ்ல கேட்டதுக்கு மேலயே வந்திருக்கு!" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் ஈரத் துணிமேலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு இன்று எங்கள் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து, மெதுவாக, பேசிக்கொண்டே சாப்பிட்டோம். என் மருமகள் கெட்டிக்காரி, சம்பந்தியம்மா.

சம்பந்திக்கு என் வணக்கங்கள். உங்கள் தங்கையும் கண்பார்வை மங்காமல் நூறாண்டு வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பெண்ணின் மாமியார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது கல்லூரியிலிருந்து தகவல் வந்தது. இந்த வருடம் முதல் அந்தப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணே தேவையில்லையாம். அறிவிப்பு வந்து மாதக்கணக்காகிறதாம். உங்கள் பெண் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். கல்லூரி விதிகளைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என் மகனுடையது. அவனைக் கூப்பிட்டிருக்கிறேன். அழுகைச் சத்தம் கேட்டதாகத் தகவல் வந்தால், அது உங்கள் மாப்பிள்ளை.