டீ குடிக்காத ஜீப்பு

உப்புக் காய்ச்சி அரசாங்கத்தை எதிர்த்தவர்கள் இருக்கிறார்கள். துணியைக் கொளுத்தி எதிர்த்தவர்களும் இருக்கிறார்கள். தலைக்குத் தேய்க்கும் ஷாம்பு பாக்கெட்டை வாங்காமல் இருந்தே ஓர் அரசாங்கத்தை வழிக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பிய ஒரே பிறவி எங்கள் நிப்பாட்டியம்மாதான்.

அவர் ஊர் போடிக்குப் பக்கத்தில் சிலமலை. வயது ஐம்பதும் இருக்கலாம், அறுபதும் இருக்கலாம். கேட்டால், "காய் எடுக்கிற கைக்கு ஏதும்மா வயசு?" என்பார். விடியற்காலையில் போடிக்கு வந்து, அங்கிருந்து ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குப் போய், நாள் முழுக்கக் குனிந்து ஏலக்காய் எடுத்துவிட்டு, பொழுது சாயும்போது மலை இறங்குகிறவர். அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியும். எத்தனையோ மனுக்களில் அந்தக் கையெழுத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால் 'நிப்பாட்டியம்மா' என்றால்தான் ஜீப்பு ஸ்டாண்டில் அவரைக் காட்டுவார்கள்.

மனுக்களை நான் ஏன் பார்த்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். எந்த அலுவலகம் என்று எழுதமாட்டேன். ஓய்வு பெற இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன.

அவருடைய முதல் மனு முறையான மனு. காய் எடுக்கப் போகும் பெண்களுக்காக விடியற்காலையில் சிலமலையிலிருந்து மலைக்கு ஒரு பஸ் வேண்டும். பத்துப் பேர் போகவேண்டிய ஜீப்பில் பதினாறு பேர் போகிறோம். பின்னால் நான்கு பேர் தொங்குகிறார்கள். ஒவ்வொரு எழுத்தும் முற்றிய ஏலக்காய் அளவுக்கு இருந்தது. அதை 'உரிய துறைக்கு' அனுப்பினோம். உரிய துறை என்பது மலைக்குப் பின்னால் சூரியன் போகிற இடம் மாதிரி. போவது தெரியும்.

சில மாதங்கள் கழித்து, தினசரி காலண்டரில் கிழித்த தாள் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார்.

'ஐயா, இன்று முதல் டீ நிப்பாட்டிவிட்டேன். தங்கள் தகவலுக்கு.'

எங்கள் கண்காணிப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் டீ, மறுபக்கம் ராகுகாலம், எமகண்டம்.

"என்னம்மா இது? கோரிக்கை எங்க?"

"இல்ல சார்."

"கோரிக்கை இல்லாத மனுவுக்கு என்னன்னு பதில் போடுறது? 'தாங்கள் டீ குடிக்கலாம்'னா?"

கடைசியில் அவர் சொல்ல நான் எழுதினேன்: 'கோரிக்கை ஏதும் இல்லை. மேல்நடவடிக்கை தேவையில்லை.' அடுத்த ஒரு வருடத்தில் அந்த வரியைப் பதினோரு தடவை எழுதினேன். நல்ல கையெழுத்தில், அடிக்கோடிட்டு.

நிப்பாட்டியம்மாவிடம் ஒரு நாள் நானே கேட்டேன். "ஏங்க, நீங்க டீ குடிக்கலைன்னா அரசாங்கத்துக்கு என்ன?"

"ஆபீசரம்மா" என்றார். நான் ஆபீசர் இல்லை என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாயிற்று. "நான் ஒரு சோப்பு வாங்குனா அதுல சர்க்காருக்கு ஒரு பங்கு போகுதா இல்லியா? டீத்தூளு, சீனி, சீயக்காப் பொட்டலம், எல்லாத்துலயும் போகுது. எனக்கு ஒரு பஸ்சு விட அவுகளுக்கு மனசில்ல. என் பங்க அவுகளுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல. சோலி முடிஞ்சுச்சு."

"நீங்க ஒருத்தர் நிறுத்தினா கஜானா காலியாயிருமா?"

"காலியாகாது. ஆனா உறுத்தும்ல?"

"அப்ப டவுன் பஸ்சுல மட்டும் வர்றீங்க?"

"அதுதான் பொம்பளைகளுக்குச் சும்மாவாச்சே! நான் குடுக்கிறதத்தான் நிப்பாட்டுவேன். அவுக குடுக்கிறத எதுக்குத்தாயி நிப்பாட்டணும்?"

இவ்வளவு தெளிவான பொருளாதாரத்தை நான் படித்த காலத்தில் யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

டீ போனதுதான் பெரிய கலவரம். மலையேறும் ஜீப்பு போடிமெட்டில் ஒரு கடை முன்னால் நிற்கும். அந்தக் குளிருக்கு எல்லாரும் இறங்கி ஆளுக்கு ஒரு டீ குடிப்பார்கள். நிப்பாட்டியம்மா மட்டும் ஜீப்பிலேயே உட்கார்ந்து, குடிப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒரு வார்த்தை பேசமாட்டாராம். "அவ பாக்குற பார்வையில டீ ஆறிப்போகுது" என்று சொல்லி ஒருத்தி டீயை விட்டாள். மறுநாள் இரண்டு பேர். மாதம் திரும்புவதற்குள் அந்த ஜீப்பில் ஒருவரும் டீ குடிப்பதில்லை. டிரைவர் மட்டும் கடைக்குப் பின்னால் போய் ஒளிந்து குடித்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

பிறகு ஒரு நாள் அந்த டீக்கடைக்காரரே மலை இறங்கி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார், கையில் மனுவோடு.

"சார், அந்தம்மாவுக்கு ஒரு பஸ்ஸ விட்டுத் தொலைங்க. ஒரு ஜீப்பு மொத்தமும் எனக்குப் போச்சு. அடுத்த ஜீப்புக்கும் தொத்திருச்சுன்னா நான் கடையச் சாத்திட்டுக் காய் எடுக்கத்தான் போகணும். அங்கயும் அந்தம்மாதான் இருக்கும்."

கண்காணிப்பாளர் முகம் மலர்ந்தது. "இதுல கோரிக்கை இருக்கு!" என்றார். உரிய துறைக்கு அனுப்பிவிட்டோம்.

காலண்டர் தாள்கள் வந்துகொண்டே இருந்தன. ஷாம்பு நிப்பாட்டினார். பவுடர் நிப்பாட்டினார். டிவிக்கு மாதாமாதம் கட்டுவதை நிப்பாட்டினார். அதற்குப் பிறகு ஜீப்பில் யாராவது சீரியல் கதை சொன்னால் காதைப் பொத்திக்கொள்வாராம். "காசு குடுக்காமக் கேட்டா அது களவு, காசு குடுத்துக் கேட்டா அது செலவு. ரெண்டும் வேணாம்." தீபாவளிக்குப் புடவை எடுக்கவில்லை. எடுக்காததைத் துணிக்கடைக்கே போய், வாசலில் நின்று சொல்லிவிட்டு வந்தார். முதலாளி பதறிப்போய், "என் கடை மேல என்ன ஆத்தா கோபம்?" என்று பின்னாலேயே ஓடிவந்தாராம். "ஒங்க மேல கோவமில்லப்பு. நீங்களும் ஒரு மனு எழுதிப் போடுங்க."

வெற்றிலை பாக்கை நிப்பாட்டிய தாளில் மட்டும் எழுத்து நடுங்கியிருந்தது. அந்த வாரம் ஜீப்பில் அவருக்குப் பக்கத்தில் உட்கார யாருக்கும் தைரியம் இல்லை என்று கேள்விப்பட்டேன். நான் சிரித்தேன். வழக்கமான வரியை எழுதி அடிக்கோடிட்டேன்.

இந்த இடத்தில்தான் என் வீட்டுக் கதை உள்ளே வருகிறது.

என் மகள் கயலுக்கு மலைமேல் தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை கிடைத்தது. அந்தப் பக்கம் பஸ் போகத்தான் செய்கிறது. ஆனால் பஸ்சின் நேரம் வேறு, பள்ளி மணி வேறு. தோட்டத்துக்குள் அது நுழைவதும் இல்லை. ஆகவே காய் எடுக்கும் பெண்களோடு அதே ஜீப்பில் போனாள்.

நான் பயந்தவள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றுக்கும் ஒரு சாமியை வேண்டிக்கொண்டேன். உள்ளூர்ச் சாமிகள் போதாமல் பக்கத்து ஊரான ராசிங்காபுரத்துச் சாமிகளையும் சேர்த்துக்கொண்டேன். அதோடு நிற்காமல் வளைவுக்கு ஒரு போன். "எங்க வர்ற? எத்தனாவது வளைவு? ஓரத்துல உக்காராத."

"அம்மா, டவர் இல்லாத வளைவுல நீ நேரா சாமிகிட்டயே பேசிக்கோ" என்பாள்.

ஒரு நாள் காலையில் சாவகாசமாகச் சொன்னாள்: "அம்மா, ரீசார்ஜ் நிப்பாட்டியாச்சு. ஜீப்புல எல்லாரும் நிப்பாட்டிட்டோம்."

கொதித்துக்கொண்டு ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போனேன்.

"ஏங்க, உங்க போராட்டத்துல என் மகள எதுக்கு இழுக்கறீங்க?"

"நான் எங்க இழுத்தேன்? பாப்பா, ஒங்க ஆத்தா பயந்த சுபாவம், நீ பவுடர மட்டும் நிப்பாட்டு, போதும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். டீச்சரு பாப்பா கேக்க மாட்டேங்குது."

"ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆகும்போது பாத்துக்கலாம் ஆபீசரம்மா. ஆகாத நாளைக்கெல்லாம் எதுக்குப் போனு?"

ஜீப்பே சிரித்தது. என் மகளும் சிரித்தாள். "வெரசா ஏறுங்க, வெரசா ஏறுங்க" என்று டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட வாரம். அலுவலகம் முடிகிற நேரத்தில் வாசலில் யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள்: "மெட்டு ரோட்டுல ஜீப்பு கவுந்துருச்சாம். காய் எடுக்குற பொம்பளைகளாம்."

போன் அடித்தேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் அமைதியாகச் சொன்னது. மறுபடி அடித்தேன். அதே அமைதி. எப்படி ஆட்டோ பிடித்தேன், மலையடிவாரச் செக்போஸ்டுக்கு எப்படிப் போனேன், தெரியாது. செருப்பு ஒன்று காலில் இல்லை. இறங்கி வரும் வண்டி ஒவ்வொன்றையும் கை நீட்டி நிறுத்தினேன். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

கடைசியில் தார்ப்பாய் போட்ட ஒரு லோடு வண்டி வந்து நின்றது. பின்னாலிருந்து பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். சேறு, சிராய்ப்பு, ஒருத்திக்குக் கை வீக்கம். நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு நிப்பாட்டியம்மா இறங்கினார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கயல்.

மகளை ஓங்கி ஓர் அடி அடித்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். பிறகு இன்னோர் அடி.

"போதும் ஆபீசரம்மா" என்றார் நிப்பாட்டியம்மா. "மலை பொழைக்க விட்டத நீங்க முடிச்சிராதீக."

ஜீப்பு டிரைவர் அதே லோடு வண்டியின் முன்பக்கமிருந்து இறங்கி, செக்போஸ்டை ஒட்டிய பாலத்துச் சுவரில் உட்கார்ந்தார்.

"பிரேக்கு பிடிக்கலக்கா. மலப்பக்கமாத் திருப்பி மண்ணுல சாச்சுப்புட்டேன். லோடு கம்மி, அதான் வண்டி சொன்ன பேச்சக் கேட்டுச்சு. பின்னால தொங்குறதுக்கு ஆளுக இருந்திருந்தா..."

"ஏன் இல்ல? தினமும் தொங்குவாங்கள்ல?"

"நம்ம வண்டில பத்துப் பேருக்கு மேல ஏத்துறதில்லயே, பல மாசமா. மிச்சப் பேருக்கு இன்னொரு ஜீப்பு. ரெண்டு வண்டியிலயும் காலியாப் போற எடத்துக்கு இவுகளே காசு குடுத்துர்றாக."

"எவுக?"

"இந்த டீ குடிக்காத கூட்டந்தான்."

மழையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கயல் வீட்டில் இதைச் சொன்னதே இல்லை. அந்த டீ, அந்த ஷாம்பு, அந்த வெற்றிலை பாக்கு, எடுக்காத தீபாவளிப் புடவைகள், என் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்ட அந்த ரீசார்ஜ், எல்லாம் சேர்ந்து ஜீப்பில் காலி இடமாக உட்கார்ந்து மலையேறிக்கொண்டிருந்திருக்கின்றன. ஆள் இல்லாத இடத்துக்குக் காசு கொடுத்து, அந்த இடத்தில் என் மகளின் உயிரை உட்கார வைத்திருந்திருக்கிறார்கள். நான் பதினோரு முறை மேல்நடவடிக்கை தேவையில்லை என்று எழுதியிருக்கிறேன்.

"இத ஏன் நீங்க மனுவுல எழுதல?" என்று கேட்டேன். அழுதுகொண்டுதான் கேட்டேன்.

"எழுதுனா என்ன சொல்வாக? அதான் நீங்களே பாத்துக்கிட்டீகளே, பஸ்சு எதுக்குன்னு கேப்பாக. கேக்க வேண்டியத மொத மனுவுலயே கேட்டாச்சு தாயி. அதையே எத்தன தடவ கேக்குறது? நாம என்ன பிச்சையா எடுக்குறோம்?"

மறுநாள் அந்தக் கோப்பை எடுத்தேன். பதினோரு குறிப்புகளுக்குக் கீழே எழுதினேன்: 'கோரிக்கை உண்டு. முதல் மனுவைப் பார்க்கவும்.' கண்காணிப்பாளர் பழைய தாள்களைப் புரட்டினார். "இத்தன நாள் இல்லைன்னு எழுதினது யாரு?" என்றார். "நான்தான் சார்." "சொன்னது யாரு?" நான் பேனாவைத் திறந்து அவர் பக்கம் நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

பஸ் இன்னும் வரவில்லை. வழித்தடம் பார்க்க இரண்டு பேர் வந்து போனார்கள். போடிமெட்டில் இறங்கி, குளிராக இருக்கிறதே என்று டீக்கடையைப் பார்த்தார்களாம். கூட வந்த பெண்கள் அவர்களைப் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். குடிக்காமலே திரும்பிவிட்டார்கள் என்கிறாள் கயல். எனக்கு நம்பிக்கை வந்திருக்கிறது.

காலி இடத்துக்கு என் பங்காகக் கொஞ்சம் பணம் கொண்டுபோய் நீட்டினேன். நிப்பாட்டியம்மா வாங்கவில்லை.

"இருக்கிறத எடுத்துக் குடுத்தா அது தருமம். எதையாச்சும் நிப்பாட்டிட்டுக் குடுங்க, வாங்கிக்கிறேன்."

"எத நிப்பாட்டட்டும்?"

தலையிலிருந்து கால்வரை என்னைப் பார்த்தார். "மொதல்ல அந்த வளைவுக்கு ஒரு போன நிப்பாட்டுங்க. பாப்பா பாவம்."

நிப்பாட்டிவிட்டேன். கயலுக்கு மட்டும், மழைக்காலம் முடியும்வரை ரீசார்ஜ் செய்துகொள்ளலாம் என்று ஜீப்பு கூடிப் பேசி அனுமதி கொடுத்திருக்கிறது. நான்தான் அடிப்பதில்லை. அதற்குப் பதிலாகப் பொழுது சாயும் நேரத்தில் ஜீப்பு ஸ்டாண்டுக்குப் போய் நின்றுகொள்கிறேன். ஜீப்பு வரும்போது உள்ளே எட்டிப் பார்க்கிறேன். முன்பெல்லாம் ஒரு தலையைத்தான் தேடுவேன், இப்போது இரண்டு. அதில் எந்தத் தலையை முதலில் தேடுகிறேன் என்பதை மட்டும் தயவுசெய்து என் மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.