தாழ்ப்பாளைத் தேடி வந்த வேலை

"இனிமே நான் வேலையைத் தேடப்போறதில்ல. வேலைதான் என்னைத் தேடி வரணும்."

காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அவர் இப்படிப் பிரகடனம் செய்தபோது, மனைவி குழந்தைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கை சட்டைக்குள் போயிருந்தது. இன்னொரு கை எங்கே என்று அவளும் குழந்தையும் சேர்ந்து தேடிக்கொண்டிருந்தார்கள்.

"வரட்டுங்க. ஆனா எப்படி உள்ள வரும்? நீங்கதான் மூணு தாழ்ப்பாள் போட்டு வச்சிருக்கீங்களே."

சிரிக்க வேண்டிய இடம். அவர் சிரிக்கவில்லை. இதற்கு உள்ளர்த்தம் என்ன என்று யோசித்தார். அவருக்கு எல்லாப் பேச்சிலும் ஓர் உள்ளர்த்தம் உண்டு. யாராவது சௌக்கியமா என்று கேட்டால், சௌக்கியமில்லை என்று உங்களிடம் யார் சொன்னது என்பார். வாசல் கதவுக்கு மேலே, நடுவே, கீழே என்று மூன்று தாழ்ப்பாள். அலமாரிக்கு ஒரு பூட்டு, அந்தச் சாவிக்கு ஒரு டப்பா, டப்பாவுக்கு ஒரு பூட்டு. அந்தக் குடியிருப்பில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோர் குறைவு. தாழ்ப்பாள் என்பார்கள். மரியாதை தெரிந்தவர்கள் தாழ்ப்பாளார் என்பார்கள்.

தாழ்ப்பாளார் ஓர் இருமல் மருந்துக் கம்பெனியின் கிடங்குக்குப் பொறுப்பாளர். அந்தக் கிடங்கைத்தான் இந்த மாதக் கடைசியில் மூடப்போகிறார்கள். மேனேஜர் அவரைத் தனியே அழைத்து, நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துச் சொன்ன செய்தி இது. தண்ணீர் கொடுத்தபோதே அவருக்குச் சந்தேகம்.

வீட்டில் அவர் இதைச் சொல்லவில்லை. சம்பளம் போதவில்லை, வேறு இடம் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவைத்தார். கைக்குழந்தைக்காரி பயந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் பயந்தது அவர்தான். பிரசவத்துக்கு முன்னால் அவள் ஒரு கூரியர் அலுவலகத்தில், வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் மேசையில் இருந்தாள். திரும்ப ஏதாவது வேலைக்குப் போகட்டுமா என்று சமீபத்தில் கேட்டதற்கு, "என் கையில வேலை இருக்கிறவரைக்கும் நீ எதுக்கும்மா அலையணும்?" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னவர் அவர். இப்போது கையில் வேலை இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

அதனால்தான் மச்சினனிடம் யோசனை கேட்டார். மச்சினன் செல்போன் பழுது பார்ப்பவன். ஆள் எடுக்கிற கம்பெனிகளெல்லாம் இப்போது இணையத்தில் ஒரு தளத்தில்தான் உலவுகின்றன, அங்கே உங்களுக்கென்று ஒரு பக்கம் திறந்து, முகம், பெயர், கம்பெனி, செய்த வேலை எல்லாவற்றையும் பளிச்சென்று தெரியும்படி போடுங்கள் மாமா, அவர்கள் கண்ணில் பட்டால் அவர்களே கூப்பிடுவார்கள் என்றான்.

எல்லாம் சரி. 'திறந்து' என்ற சொல்தான் தாழ்ப்பாளாருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஆள் தேடுகிறவர்கள் கண்ணில் பட வேண்டும்; மேனேஜர் கண்ணில் படக் கூடாது. வேறு வேலை தேடுவது தெரிந்தால் மாதக் கடைசி வரை கூட வைத்திருக்கமாட்டார், இன்றே கிளம்பு என்பார். ஆக, ஊரெல்லாம் தெரிய வேண்டும், ஒருவருக்கு மட்டும் தெரியக் கூடாது.

மனைவி அவரைச் சுவரோரம் நிறுத்தி நல்லதாக ஒரு படம் எடுத்தாள். அதை அவர் ஓரம் ஓரமாக வெட்டினார். மூக்கைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார், வெட்டு. மீசை ரொம்பப் பிரசித்தம், வெட்டு. கடைசியில் ஒரு காதும் கொஞ்சம் தோளும் மிஞ்சின. பெயருக்கு முதலெழுத்து. கம்பெனி பெயர் போடவில்லை. 'கிடங்கு' என்று தேடினால் மேனேஜருக்குச் சிக்கும் என்று கிடங்கை எடுத்தார். 'மருந்து' என்று தேடினால்? மருந்தையும் எடுத்தார். தொலைபேசி எண்ணை மட்டும் அந்தத் தளம் விடாப்பிடியாகக் கேட்டதால் மனசில்லாமல் கொடுத்தார். எல்லாம் எடுத்தது போக, பக்கத்தில் இவ்வளவு நின்றது:

'பத்து ஆண்டுகளாகச் சரக்குடன் நெருங்கிய தொடர்பு. எவ்வளவு சரக்கு வந்தாலும் தனியாளாக இறக்குவேன். பாட்டில் பாட்டிலாக வந்தாலும் ஒரு துளி சிந்தியதில்லை. பழைய சரக்கை முதலில் தீர்ப்பது என் கொள்கை.'

அதன் கீழே, தளம் கேட்ட கட்டங்களில் எல்லாம் தாராளமாக டிக். வீட்டிலிருந்து பணி: சம்மதம். இரவுப் பணி: சம்மதம். எப்போது சேரலாம்: உடனே.

மடிக்கணினியை மனைவியிடம் நீட்டினார்.

"இந்தக் காது யாருதுங்க?"

"என்னுதுதான்."

"பேரு?"

"தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

"தெரியாதவங்கதானே வேலை குடுக்கணும்?" அவள் மேலும் படித்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சரக்குன்னு மொட்டையா நின்னா வேற மாதிரி இருக்குங்க. முன்னாடி கிடங்குன்னு ஒரு வார்த்தை போட்டுடுங்களேன்."

"உன் நினைப்புதான் வேற மாதிரி இருக்கு. அனுபவஸ்தனுக்குச் சரக்குன்னா சரக்குதான்."

அவள் வாதாடவில்லை. விரல் மட்டும் கடைசி வரியில் போய் நின்றது. 'எப்போது சேரலாம்: உடனே.' பிறகு மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் குழந்தையைக் குப்புறப் போட்டாள். அது முன்னால் போகப் பார்த்துப் பின்னால் போனது. வயதொத்த பிள்ளைகள் வீட்டைச் சுற்றி வர, இது மட்டும் இன்னும் தவழவில்லை. அவளுக்கு அது ஒரு கவலை.



பக்கம் திறந்த மறுநாளே தளம் அறிவித்தது: உங்கள் பக்கத்தை ஒருவர் பார்த்தார். யார் என்று அழுத்தினால், பெயர் வெளியிட விரும்பாதவர். அடுத்த நாளும் அதே ஒருவர். அதற்கடுத்த நாளும். தினமும் வந்து, பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் போகிறவர் யார்? வேறு யார், மேனேஜர்தான்.

அன்று முதல் கிடங்கில் அவருக்கு நிம்மதி போயிற்று. மேனேஜர் எதிரே வந்தால் பெட்டி அடுக்குகளின் பின்னால் பதுங்கினார். ஒருநாள் மாட்டிக்கொண்டபோது மேனேஜர், என்னப்பா, இப்பல்லாம் உன் மூஞ்சியவே பாக்க முடியறதில்லையே என்று வாஞ்சையாகத்தான் கேட்டார். தாழ்ப்பாளாருக்கு வியர்த்துவிட்டது. மூஞ்சியைப் பார்க்க முடியவில்லையாமே. அப்படியானால் காதைப் பார்த்துவிட்டார்.

பிறகுதான் முதல் அழைப்பு வந்தது. கனிவான ஓர் ஆண் குரல்.

"ஐயா, உங்க பக்கத்தைப் படிச்சோம். ரொம்ப தைரியமா ஒப்புக்கிட்டிருக்கீங்க."

"நான் எதை ஒப்புக்கிட்டேன்?"

"பத்து வருஷம்னு."

"பதினொண்ணு நடக்குது."

"வீட்டுக்குத் தெரியுமா?"

"வீட்டுலதான் படமே எடுத்தாங்க."

"விட்டுடணும்னு என்னைக்காவது தோணியிருக்கா?"

"விட்டுட்டுத்தானே வேற இடம் பாக்கிறேன்."

"வேற இடத்துக்குப் போனாலும் இதேதானா ஐயா?"

"எனக்கு வேற எதுவும் தெரியாதுங்க."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "கவலைப்படாதீங்க. உங்களுக்கு ஒரு கட்டில் ஒதுக்கிடறோம்."

"கட்டில் எதுக்கு? ஒரு நாற்காலி போதும்."

அது குடிப்பழக்கத்திலிருந்து விடுவிக்கும் மறுவாழ்வு மையம் என்று தெரிந்தபோது, மனைவி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் சிரிப்பதைப் பார்த்துக் குழந்தையும் சிரித்தது. தாழ்ப்பாளாருக்குச் சரக்கின் இன்னொரு பொருள் அப்போதுதான் தலைக்கேறியது. ஆனாலும் அவர் திருத்தவில்லை. திருத்தினால் கிடங்கு வரும், கிடங்கு வந்தால் மேனேஜர் வருவார். இந்த மறுவாழ்வுக்காரனை ஏவியதே மேனேஜர்தான் என்று முடிவு கட்டி, அடுத்த அழைப்புக்குக் காத்திருந்தார்.

வந்தது. இந்தமுறை பெண் குரல். தளத்தில் இந்த எண்ணைப் பார்த்ததாகவும், நேர்காணலுக்கு வர முடியுமா என்றும் கேட்டது. அவர் விடுவாரா? எந்தத் தளம், எந்தக் கம்பெனி, உங்கள் மேலதிகாரி யார், அவருக்கு மீசை உண்டா என்று அடுக்கடுக்காகக் கேட்டு அந்தப் பெண்ணை ஒரு வாக்கியம் முடிக்கவிடவில்லை. கடைசியில் துணிந்து தன்னையே மறுத்தார்.

"இங்க பாருங்கம்மா, நீங்க தேடுற ஆள் நான் இல்ல."

"தெரியும் சார். நாங்க தேடுறது ஒரு பொண்ணை."

அழைப்பைத் துண்டித்தார். அந்த எண் திரும்ப வராதபடி அதற்கும் ஒரு தாழ்ப்பாள் போட்டார். பெருமையோடு உள்ளே போய், பெண்ணைத் தேடுகிறோம் என்று புதுவிதமாக ஒரு கும்பல் கிளம்பியிருக்கிறது, நம்மிடம் பலிக்கவில்லை என்றார்.

மனைவியின் கையில் இருந்த பால்புட்டி அப்படியே நின்றது. "அந்த நம்பரைக் காட்டுங்க," என்றாள். தனக்கு வந்தால் எடுக்காமல் இருக்கலாமே என்றாள். நியாயம்தான். காட்டினார். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவிடம் ஊசி வாங்கி வருகிறேன் என்று தன் போனோடு போனவள், வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு வந்தாள். முகம் மட்டும் கழுவி வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

ஊசி எங்கே? தாழ்ப்பாளாரின் மூளையில் மணி அடித்தது.

சனிக்கிழமை அவள் பல் வலி என்று சொல்லி, குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு, இஸ்திரி போட்ட உடையில், பழைய ஆபீஸ் கைப்பையோடு கிளம்பினாள். பல் டாக்டரிடம் போக இஸ்திரி எதற்கு? சாயங்காலம் வந்தவள் ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு ஐஸ் கட்டியை எடுத்து நறுக்கென்று கடித்தாள்.

அவள் குளிக்கப் போன நேரம் அவர் மடிக்கணினியைத் திறந்தார். எதைத் தேடுவது என்று தெரியவில்லை. தேடவும் தேவைப்படவில்லை. தளம் தானாகவே ஒரு படத்தைக் காட்டி, இவரை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம் என்றது. முழு முகம். முழுப் பெயர். எந்தக் கூரியர் அலுவலகம், எத்தனை வருஷம், என்ன வேலை, எல்லாம் பளிச்சென்று. தோளில் யாரோ தலை சாய்த்திருந்ததை வெட்டிய அடையாளமாக ஒரு குட்டிக் கை. தொலைபேசிக்கு அவளுடைய எண்; அவள் எடுக்காவிட்டால் கூப்பிட அவருடைய எண்.

ஐந்து வருஷக் குடித்தனம். ஆனாலும் தெரியும் என்று அழுத்த அவருக்குத் தயக்கமாக இருந்தது.

தலை துவட்டிக்கொண்டு வந்தவளிடம் திரையைத் திருப்பினார்.

"என்ன இது?"

"என் பக்கங்க."

"பல் வலி?"

"நேர்காணல். வேலை கிடைச்சாச்சு. அதே புகார் கேக்கிற மேசைதான், வேற கம்பெனி. சந்தேகப்படுற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீங்கன்னு கேட்டாங்க. ஏழு வருஷ அனுபவம் இருக்குன்னேன். கூரியர்ல ரெண்டு வருஷம்தானே போட்டிருக்குன்னாங்க. மீதி வீட்டுலன்னு சொன்னேன். அங்கேயே எடுத்துக்கிட்டாங்க."

"என் கையில வேலை இருக்கிறவரைக்கும்னு நான் சொல்லலையா?"

"அதனாலதான்."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"வேலையில இருக்கிற மனுஷன் உடனே வந்து சேரத் தயார்னு எழுதுவாராங்க?" அவள் குரல் தாழ்ந்தது. "அந்த வரியைப் பார்த்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நீங்களா சொல்வீங்கன்னு பார்த்தேன். சொல்லல. பாலுக்கு என்ன பண்ணுவோம், வாடகைக்கு என்ன பண்ணுவோம்னு எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல. என்கிட்ட மறைச்சதை அந்தப் பக்கத்துலயாவது எழுதியிருக்கீங்களான்னு தினமும் போய்ப் பார்த்தேன்."

"தினமும் வந்தது மேனேஜர் இல்லையா?"

"நான்தான். நான் என்னைக்குங்க உங்க பக்கம் இல்லாம இருந்திருக்கேன்?"

தாழ்ப்பாளாருக்குக் கண் கலங்கிவிட்டது. மாதக் கடைசி, கிடங்கு, தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். சொல்லி முடித்ததும் மனசு லேசாயிற்று. லேசான மனசில் பழைய சந்தேகம் சுலபமாக ஏறி உட்கார்ந்தது.

"அது சரி. நீ போயிட்டா குழந்தையை யார் பாக்கிறது?"

அவள் அவருடைய பக்கத்தைத் திறந்தாள். ஒற்றைக் காதின் கீழே விரலை வைத்து, பள்ளிக்கூடத்தில் பாடம் வாசிப்பது போல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "வீட்டிலிருந்து பணி, சம்மதம். இரவுப் பணி, சம்மதம். பாட்டில் பாட்டிலாக வந்தாலும் ஒரு துளி சிந்தியதில்லை. எப்போது சேரலாம், உடனே."

"அது கம்பெனிக்காரங்களுக்குச் சொன்னதும்மா."

"இருக்கட்டும். எல்லாத்துக்கும் ஒரு உள்ளர்த்தம் இருக்குன்னு நீங்கதானே சொல்வீங்க. உங்களுக்கு வேலை வர்றவரைக்கும் குழந்தை உங்க பொறுப்பு. முதல்ல பக்கத்துல மூஞ்சியைப் போடுங்க, கிடங்கைப் போடுங்க. உங்களுக்கும் நிச்சயம் கூப்பிடுவாங்க."

புது மாதம் பிறந்தது. கைப்பையோடு அவள் போன பிறகு அவர் கதவுக்கு மூன்று தாழ்ப்பாளையும் போட்டார். எட்டுப் பால்புட்டிகளை வரிசையாக அடுக்கினார். பழையதை முன்னால், புதியதைப் பின்னால். பிறகு மடிக்கணினியைத் திறந்து முதல்முறையாகத் தன் முழு முகத்தையும், மீசையோடு, பக்கத்தில் ஏற்றினார். கிடங்கு என்று எழுதினார். மருந்து என்றும் எழுதினார். இனி மறைக்க ஒன்றுமில்லை. நிமிர்ந்து உட்கார்ந்து, வரட்டும், இனி வேலை என்னைத் தேடி வரட்டும் என்று வாய்விட்டுச் சொன்னார்.

காலடியில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்து பார்த்தார். இத்தனை நாள் பின்னாலேயே போய்க்கொண்டிருந்த குழந்தை, நனைந்த துணியோடு, கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து அவரைத் தேடி முன்னால் தவழ்ந்து வந்திருந்தது.