ஒட்சிசன் அண்ணையின் அரை மணித்தியாலக் காற்று

யாழ்ப்பாணக் குடாநாட்டில், கடலுக்கு அடியில் இறங்கி உலாவிவிட்டு வருவதற்கான சகல தகுதிகளும் சாமான்களும் உள்ள மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் ஒன்றரை வருடமாகத் தரையிலேயே சுழியோடிக்கொண்டிருந்தார்.

ஊர் அவரை ஒட்சிசன் என்றது. தாய் தகப்பன் வைத்த பெயர் சம்பளப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. அச்சுவேலியில் அலுமினியச் சட்டி பானை செய்யும் சின்னத் தொழிற்சாலை ஒன்றில் அவர் ஸ்ரோர் கீப்பர், நான் கிளாக்கர். அதாவது, அவர் சரியாக எண்ணிச் சொல்லும் மூடிகளை நான் பிழையாக எழுதிக்கொள்வேன். அதற்கு முன் திருகோணமலையில் வெள்ளைக்காரர் தங்கும் ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்திருக்கிறார். அங்கே ஒரு ஜேர்மன்காரன் இவருக்குச் சுழியோடப் பழக்கிவிட்டான். எண்பத்து மூன்றில் எல்லாம் குழம்பி ஹோட்டலும் வெறிச்சோடிப் போக, ஊருக்குத் திரும்பிய ஜேர்மன்காரன் தன் சாமான்களை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான். முகக் கண்ணாடி ஒன்று, துடுப்பு மாதிரி நீண்ட செருப்புச் சோடி, வாயில் கவ்வுகிற குழாய், எவ்வளவு காற்று மிச்சம் என்று காட்டுகிற முள், முதுகில் கட்டுகிற சிலிண்டர். சிலிண்டர் நிறையக் காற்று.

சிக்கல் அந்தக் காற்றில்தான் இருந்தது. குடாநாட்டில் சைக்கிளுக்குக் காற்றடிக்கலாம், லொறி ரயருக்கும் அடிக்கலாம். அந்தச் சிலிண்டருக்கு அடிக்கிற யந்திரம் திருகோணமலையில் இருந்தது, அதையும் பூட்டிவிட்டார்கள். ஆகவே இருக்கிற காற்று முடிந்தால் முடிந்ததுதான்.

"லொறி ரயருக்கு அடிக்கிற காத்தை அடிச்சால் என்ன அண்ணை?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அடிக்கலாம் தம்பி. எண்ணெய்ப் புகை நெஞ்சுக்குள்ளை போகும். நீ கீழையே இருந்திடலாம். திரும்பி வாற கரைச்சல் இல்லை."

ஒட்சிசன் என்று கூப்பிட்டால் அவருக்குப் பத்திக்கொண்டு வரும். பட்டப்பெயர் வைத்ததற்காக அல்ல, பிழையான பட்டப்பெயர் வைத்ததற்காக. "விசரங்களே! இதுக்குள்ளை இருக்கிறது ஒட்சிசன் இல்லை, காத்து! நீ இழுக்கிற அதே காத்து! தனி ஒட்சிசனைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்குப் போனால் வலிப்பு வந்து சாவாய்!" தேநீர்க் கடையில் இதை அவர் மூன்று முறை விளக்கினார். முடிவில் கடைக்காரர் பரிவோடு, "சரி ஒட்சிசன், ரீ ஆறுது, குடியுங்கோ" என்றார்.

அந்தச் சிலிண்டரோடு அவர் திருகோணமலையிலிருந்து பஸ்ஸில் வந்த கதையை நான் நூறு முறை கேட்டிருப்பேன். ஆனையிறவுச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் சிலிண்டரைக் கண்டதும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரையும் இறக்கி வெகுதூரத்தில் நிறுத்திவிட்டான். இது என்ன என்று கேட்டானாம். காற்று என்றாராம். ஒரு மனிதன் யாழ்ப்பாணத்துக்குக் காற்றுக் கொண்டு போகிறான் என்பதை அவன் நம்பவில்லை. கடைசியில் இவர் அந்தக் கொதிக்கிற வெயிலில் முகக் கண்ணாடியைப் போட்டு, சிலிண்டரை முதுகில் கட்டி, நடுறோட்டில் நின்று மூச்சு விட்டுக் காட்டினார். ஆமிக்காரனுக்கு ஆசை வந்துவிட்டது. தானும் வாங்கி இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்து, போ என்று விட்டுவிட்டான். உயிர் தப்பியதைப் பற்றி அண்ணை ஒருநாளும் பேசியதில்லை.

"ரெண்டு மூச்சுக் குடிச்சிட்டான் தம்பி! நல்ல பெரிய மூச்சு! நெஞ்சு எவ்வளவு அகலம் தெரியுமோ அவனுக்கு?"

பாதுகாப்பு என்றால் அவருக்கு வேறு நினைவில்லை. சுழியோடியின் முதலாவது விதி, ஒருபோதும் மூச்சைப் பிடிக்கக்கூடாது என்பது. ஒருமுறை இருமல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். எக்ஸ்றே எடுப்பவர், "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்றார்.

"பிடிக்க மாட்டன்."

"ஏன், ஏலாதோ?"

"ஏலும். பிடிக்கப்படாது. மூச்சைப் பிடிச்சுக்கொண்டு மேலை வந்தால் நெஞ்சு வெடிக்கும்."

"ஐயா, நீங்கள் தரையிலை நிக்கிறியள்."

"பழக்கம் கெட்டுப்போம்."

மூன்று படம் எடுத்தார்கள். மூன்றும் மார்கழி மாதத்துப் பனிக்காலை மாதிரி வந்தன.

இன்னொரு விதி, துடுப்புச் செருப்போடு முன்பக்கமாக நடக்கக்கூடாது, தடக்கி விழுவோம் என்பது. ஆகையால் அவர் வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக் கிணற்றடிக்கு முழுக்கோலத்தில் பின்பக்கமாக நடந்து போவார். இடுப்பில் பாரத்துக்குச் சைக்கிள் ரியூப்பில் கோத்த தராசுப் படிக்கற்கள். ஒழுங்கையில் வருகிறவர்களுக்கு அவர் போகிறாரா வருகிறாரா என்று குழப்பம். ஒருநாள் அந்த வீட்டு அக்காவின் வாளி கிணற்றில் விழுந்திருந்தது. இவர் இறங்கி, தண்ணீரில் குப்புற மிதந்து பார்த்துவிட்டு, "வாளி தெரியுது. வடக்கு மூலை. காது மேலை பாத்தபடி கிடக்குது" என்று அறிவித்தார்.

"அப்ப எடுத்துத் தாங்கோவன்."

"எடுக்கிறதெண்டால் சிலிண்டரைத் திறக்கவேணும்."

"திறவுங்கோவன்!"

"வாளிக்கோ?" என்று அவர் கேட்ட தொனியில் அந்த அக்காவுக்கே வெட்கம் வந்துவிட்டது. பேசாமல் போய்ப் பாதாளக்கரண்டியைக் கொண்டுவந்து கயிற்றில் விட்டார். அண்ணை தண்ணீரில் கிடந்தபடி, "கொஞ்சம் இடப்பக்கம்... இன்னும்... ஆ, கொளுவிட்டுது, இழுங்கோ!" என்று வழிகாட்டினார். சிலிண்டரின் முள் ஒரு மயிரிழையும் அசையவில்லை.

காற்றை அவர் எதற்காகச் சேமித்து வைத்திருந்தார் என்று சொல்லவேண்டும். கணவாய்க்காக. சோடி சேருகிற காலத்தில் ஆண் கணவாயின் உடம்பில் நிறங்கள் வரிவரியாக ஓடும் என்றும், சப்பறத்துக்கு மின்விளக்குப் போட்டதுபோல இருக்கும் என்றும் ஜேர்மன்காரன் சொல்லியிருந்தான். திருகோணமலையில் அதைப் பார்க்க வாய்க்கவில்லை. கடல் தெளிகிற சித்திரையில் ஒரே ஒருநாள் இறங்கி, இருக்கிற அரை மணித்தியாலக் காற்றையும் அதற்கே செலவழிப்பது என்று தீர்மானித்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அச்சுவேலிக்கு வடக்கே கடற்கரைக்குப் போவோம். நான் மிதிப்பேன், அவர் கரியரில் இருப்பார். அங்கே வேதக்காரர் குடியிருப்பில் சூசைப்பிள்ளை என்ற மீன்பிடிகாரர் எங்களுக்குப் பழக்கம். பூசை முடிந்து வந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பார். கடலடியில் பாறை திரண்ட எந்தக் கற்பாரில் கணவாய் கூடும் என்று கேட்டு அண்ணை கொப்பியில் எழுதிக்கொள்வார்.

"பிடிச்சு என்ன செய்யப்போறியள்?" என்பார் சூசை.

"பிடிக்கிறதுக்கில்லை. பாக்கிறதுக்கு."

"பாத்திட்டு?"

"பாத்திட்டு மேலை வாறது."

சூசை என்னைப் பார்ப்பார். நான் கடலைப் பார்ப்பேன்.

கடலில் தனியாக இறங்கக்கூடாது, துணை ஒருவர் வேண்டும் என்பது இன்னுமொரு விதி. அந்தத் துணை நான். எனக்கு நீந்தத் தெரியாது. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக் குளிக்கிற பரம்பரை. அதைச் சொன்னபோது அவர், "பரவாயில்லை, நீ வள்ளத்திலை இருந்து கயிறு பிடி" என்றார். ஒருதரம் இழுத்தால் சுகம், இரண்டுதரம் என்றால் கயிறு விடு, மூன்றுதரம் என்றால் என்னைத் தூக்கு. தொழிற்சாலையில் ஓய்வு நேரத்தில் கயிற்றின் ஒரு முனையை அவர் காலில் கட்டி ஸ்ரோருக்குள் இருக்க, நான் வெளியே இருந்து பயிற்சி எடுத்தேன். முதலாளி அதில் தடக்கி விழுந்தபோது கயிறு மூன்றுதரம் இழுபட்டது. நான் அண்ணையைத் தூக்கினேன்.

இப்படிச் சித்திரைக்குப் பத்துநாள் இருக்கும்போது சூசைப்பிள்ளையின் எஞ்சின் கடலில் விழுந்துவிட்டது.

அதை வள்ளத்தின் பின்னால் கொளுவியிருந்த ஆணி கழன்று, கற்பாருக்குப் பக்கத்தில் எட்டுப் பாகம், கிட்டத்தட்ட ஐம்பதடி ஆழத்துக்கு எஞ்சின் போய்விட்டது. சூசையும் ஆட்களும் இரண்டு நாள் இறங்கிப் பார்த்தார்கள். ஒரு மூச்சில் அடியைத் தொட்டுவிட்டுத் திரும்பலாம், ஆனால் தேடுவதற்கு மூச்சுப் போதவில்லை. அந்தக் காலத்தில் இன்னொரு எஞ்சின் எடுப்பது நடக்கிற காரியமா? எஞ்சின் இல்லையென்றால் தொழில் இல்லை.

மூன்றாம் நாள் சூசையின் மனைவி திரேசம்மா தொழிற்சாலைக்கே வந்துவிட்டார்.

"ஒட்சிசன் தம்பி, உங்களிட்டைத்தானே கீழை மூச்சுவிடுற சாமான் இருக்குது."

அவர் பெயரைத் திருத்தவில்லை.

"அக்கா, அது ஒரு அரை மணித்தியாலக் காத்து. அதை நான் கணவாய்க்கெண்டு வைச்சிருக்கிறன்."

"கணவாயோ? எஞ்சினை எடுத்துத் தாங்கோ தம்பி, என்ரை மனுசன் ஒரு கூடை பிடிச்சுத் தருவார்."

"பாக்கிறதுக்கு அக்கா."

"பாத்திட்டுத் தாங்கோ, நான் கறி வைச்சுத் தாறன்."

திரேசம்மா போன பிறகு அண்ணை மத்தியானம் சாப்பிடவில்லை. சிலிண்டரின் முள்ளைத் துடைத்தார். மூடிகளை எண்ணினார், வாழ்க்கையில் முதல்முறையாகப் பிழையாக எண்ணினார். நான் அதையும் பிழையாக எழுதினேன், தற்செயலாகக் கணக்குச் சரியாக வந்தது. வேலை முடிகிற நேரம் வந்து, "நாளைக்கு விடிய வா. கயித்தைக் கொண்டு வா" என்றார்.

மறுநாள் கரையில் முதல் ஒரு மணித்தியாலம் பாதுகாப்பு விளக்கம். பிறந்ததிலிருந்து கடலில் கிடக்கிற நாலு மனிதர்கள், கடலில் எப்படிக் கவனமாக இருப்பது என்று ஒரு ஸ்ரோர் கீப்பர் சொல்வதைக் கைகட்டி நின்று கேட்டார்கள். பிறகு வள்ளத்தில் துடுப்பு வலித்துக்கொண்டு போனோம். வள்ளத்து விளிம்பில் இருந்து அண்ணை முதுகுப்பக்கமாகக் கவிழ்ந்து விழுந்தார். சூசை "யேசுவே!" என்று கத்தினார். அது முறைதான் என்று நான் விளக்குவதற்குள் எனக்குக் குமட்டிச் சத்தி வந்துவிட்டது.

இரண்டு கயிறு. எஞ்சினுக்கு ஒன்று, அவர் இடுப்பில் ஒன்று. பத்து நிமிடம் ஆகியிருக்காது, எஞ்சின் கயிறு இழுபட்டது. நாலு பேரும் கரைவலை இழுக்கிற வேகத்தில் இழுத்தார்கள். பாசி தொங்க, ஒரு குட்டி நண்டு மேலே இருந்து வேடிக்கை பார்க்க, எஞ்சின் வந்தது. சூசை அதைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தார். எல்லோரும் சிரிக்கிறோம், அழுகிறோம். கீழே ஒரு மனிதன் இருக்கிறான் என்பதே மறந்துபோயிற்று.

நினைவு வந்ததும் என் கயிற்றை ஒருதரம் இழுத்தேன். பதில் இல்லை. மறுபடி. இல்லை. ஐந்து பேரும் சேர்ந்து இழுத்தோம். கயிறு வரவில்லை, வள்ளம்தான் சரிந்தது. குமிழிகள் மட்டும் ஒரே இடத்தில் வந்துகொண்டிருந்தன.

"பாறைக்குள்ளை மாட்டுப்பட்டார்!" என்றார் ஒருவர். இன்னொருவர் செபமாலையை எடுத்துவிட்டார். சூசை ஒரு கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார். துணை என்று வந்த நான், சத்தி எடுத்ததைத் தவிர வேறு ஒரு உதவியும் செய்யவில்லை.

சூசை மேலே வந்து மூச்சு வாங்கினார்.

"இருக்கிறார்."

"உயிரோடையோ?"

"சம்மாணம் கட்டி இருக்கிறார்."

"என்ன செய்யிறார்?"

"கணவாய் பாக்கிறார்."

கயிற்றை அவிழ்த்து ஒரு பாறையில் கட்டிவிட்டாராம். சூசை தோளில் தட்டியதற்கு, பேசாமல் இரு என்று விரலைக் காட்டினாராம்.

கடைசியில் கறுப்பாய் ஒன்று மேலே வரத் தொடங்கியது. வந்து, வள்ளத்துக்குக் கீழே மூன்று பாகத்தில் நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தோம். கைகளைக் கட்டிக்கொண்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி நிற்கிறார்.

"உதிலை என்ன, பஸ்ஸுக்கு நிக்கிறாரோ?" என்றார் சூசை. அண்ணை எங்களை நிமிர்ந்து பார்த்து மூன்று விரலைக் காட்டினார்.

"பிதா, சுதன், பரிசுத்த ஆவி..." என்று செபமாலைக்காரர் விம்மினார். "மனுசன் சைவமெல்லே, கடைசி நேரத்திலை மனந்திரும்பிட்டார்!"

ஆழத்தில் உடம்புக்குள் ஏறிய காற்று இறங்க, மேலே வருகிற வழியில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும் என்ற விதி எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சரியாக மூன்று நிமிடத்தில் வந்தார். முகக் கண்ணாடியைக் கழற்றினார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"கயித்தை அவிட்டது எந்த விதி அண்ணை?" என்று நான் கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்தார். "கயிறு ஆடினால் கணவாய் வெக்கப்படுது தம்பி."

முள் பூச்சியத்தில் இருந்தது.

"இனிக் காத்து?" என்று கேட்டார் சூசை.

"இனி இல்லை."

சூசை எஞ்சினைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "எத்தினை கணவாய்?"

"ஏழு."

"பெரிசோ?"

"நல்ல பெரிசு."

கூடையும் வலையும் அவர் காலடியில்தான் கிடந்தன. சூசை துடுப்பை எடுத்தார். "உந்தப் பாரிலை இந்த மாதம் ஆரும் வலை விடப்படாது" என்று மற்ற மூவருக்கும் சொல்லிவிட்டு வலிக்கத் தொடங்கினார்.

கரையிலிருந்து திரும்பும்போது அண்ணை வெறும் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு கரியரில் இருந்தார். எதிர்க்காற்று. வயிற்றில் ஒன்றும் இல்லாமல் நான் மிதித்துக்கொண்டிருந்தேன். பின்னால் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். முதலாவது கணவாய் எப்படி வந்தது, இரண்டாவது எப்படி அதைப் பார்த்துப் பொறாமையில் கறுத்தது, மூன்றாவது தன் உடம்பின் ஒரு பக்கத்தால் சண்டையும் மறுபக்கத்தால் காதலும் எப்படி ஒரே நேரத்தில் செய்தது. எனக்குக் கால் கடுத்தது. என் வீட்டு ஒழுங்கை வந்தது. ஏழாவது கணவாய் அப்போதுதான் ஊதாவாக மாறத் தொடங்கியிருந்தது. நான் ஒழுங்கைக்குள் திரும்பவில்லை, நேரே மிதித்தேன்.