பவளக்கோட்டையின் மிச்சம்

ஐயம்பேட்டை
அக்டோபர் 1999, செவ்வாய்க்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த அஜீஸ் மச்சான் அவர்கள் சமூகத்திற்கு, மைத்துனன் ஜெகபர் அலி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே உம்மா, என் உடன்பிறந்த நஃபீசா லாத்தா, நான், தாங்கள் வாங்கி வந்த டி.வி. எல்லோரும் ஆண்டவன் கிருபையில் சுகம். ஷார்ஜாவில் தாங்களும் தங்கள் ரூம்காரர்களும் அவ்வாறே இருக்க துஆச் செய்கிறோம். உம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, அதைச் சுகத்தில்தான் சேர்க்க வேண்டும், ஏனென்றால் வலி இல்லாத நாளில்தான் பக்கத்து வீட்டோடு சண்டை வருகிறது. டி.வி.க்கு ஒரு ஓரம் பச்சையாகி விட்டது.

போனில் ஒன்று கேட்டீர்கள். கம்பெனியில் இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறார்கள், போடவா, ஊருக்கே வந்துவிடவா, உன் லாத்தாவைக் கேட்டு எழுது என்றீர்கள். கேட்டுவிட்டேன். "தாராளமாப் போடச் சொல்லு" என்கிறது லாத்தா. பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அடுத்தது தலை போகிற விஷயம். டி.வி.யில் நம் ஞாயிற்றுக்கிழமைத் தொடர் பவளக்கோட்டை முடிந்துவிட்டது. கடைசிப் பாகத்தின் கடைசி வாரம் போன ஞாயிறு ஓடியது. கேசட் வந்து சேரும் முன்னால் முடிவைச் சொன்னால் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்துவிடுவேன் என்று தாங்கள் எச்சரித்திருப்பதால், முடிவை நான் சொல்லப் போவதில்லை. ஆனால் ஊர் என்னை ஏன் அடிக்க வந்தது என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

முதல் பாகம் ஆரம்பித்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா மச்சான்? தாங்கள் கல்யாணம் முடித்து லீவில் இருந்தீர்கள். எனக்கு அப்போது இந்தக் கேபிள் தொழில் ஏது? டி.வி. ஹாலில், தாங்கள் மொட்டை மாடியில் ஆன்டெனாக் கம்பத்தைக் கட்டிப்பிடித்துத் திருப்ப, நான் மாடிப்படியில் நிற்க, லாத்தா உள்ளேயிருந்து "தெரியுது... போச்சு... தெரியுது, அப்படியே நில்லுங்க!" என்று கத்த, தாங்களும் அப்படியே நின்றுவிட்டீர்கள். முதல் வாரக் கதை பூராவும் தாங்கள் வெயிலில் கம்பத்தோடு நின்றே முடிந்துபோனது. பிறகு இறங்கி வந்து "என்னாச்சு?" என்று கேட்க, லாத்தா முழுக் கதையையும் நடித்துக் காட்டியது. அடுத்த வாரத்திலிருந்து தாங்கள் அடித்த கூத்து! இந்தியில் எடுத்துத் தமிழில் பேச வைத்ததால் இளவரசன் சூரசேனன் வாயை மூடிய பிறகும் பேசிக்கொண்டிருப்பான். தாங்களும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, எங்கிருந்தோ "நீலவேணி, சோறு வை" என்பீர்கள். லாத்தா அப்படிச் சிரித்து நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வருகிறது.

நாட்டின் சாபத்தை நீக்கும் கல்லைத் தேடிச் சூரசேனன் பவளக்கோட்டைக்குக் கப்பலேறிய அதே வாரம் தாங்கள் மெட்ராஸுக்கு ரயிலேறினீர்கள். அவன் மனைவி நீலவேணி கரையில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்க ஆரம்பித்தாள். அன்றிலிருந்து ஞாயிறு காலையில் நடந்த எந்தக் கல்யாணத்துக்கும் லாத்தா போனதில்லை. பிறகு தாங்கள் லீவில் வந்ததெல்லாம் ஒரு பாகம் முடிந்து அடுத்த பாகம் தொடங்காத நேரமாகவே அமைந்துவிட்டது. சேர்ந்து பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

கடைசி வாரத்துக்கு வருகிறேன். சம்பா நடவு நேரம். நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நாற்றுக்கட்டை வரப்பில் போட்டுவிட்டுச் சேற்றுக் காலோடு டி.வி. இருக்கும் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். நம் வயலைப் பார்த்துக்கொள்ளும் ஐயாவு அண்ணன், தன் முறைத் தண்ணீருக்கு மடையைத் திறந்தது திறந்தபடி விட்டுவிட்டு வந்தார். தண்ணீர் முழுவதும் அவருடைய பங்காளி வயலுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆறு வருஷமாகப் பேசாத பங்காளி அன்றுதான் அவருக்கு நன்றி சொன்னார்.

திரையில் சூரசேனன் கல்லை எடுத்துவிட்டான். தெருவே கை தட்டியது. கப்பல் தயாராக நிற்கிறது. அப்போது பவளக்கோட்டைக்காரர்கள் வந்து, நீயே எங்களுக்கு ராஜாவாக இரு என்கிறார்கள். இவன் கடலைப் பார்க்கிறான், சிம்மாசனத்தைப் பார்க்கிறான், போய் உட்கார்ந்துவிடுகிறான். கல்லை ஒரு கிளியின் கழுத்தில் கட்டி வீட்டுக்கு அனுப்புகிறான். நீலவேணி அதை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். உடனே பெயர் போட ஆரம்பித்துவிட்டார்கள். முடிவை நான் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும், நடந்ததை மட்டுமே சொன்னேன்.

இனிமேல்தான் என் பாடு. கரண்ட் போகிற ஞாயிறுகளில் எல்லாம், டீசல் ஜெனரேட்டரை வைத்து நான் கேசட்டில் பிடித்து வைத்ததைச் சாயங்காலம் கேபிளில் மறுபடியும் போடுவேன். ஊருக்கு அது பழகிப்போய்விட்டது. அன்று சாயங்காலமும் பாயைச் சுருட்டிக்கொண்டு கூட்டம் கூட்டமாக என் கேபிள் ரூம் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"பாய், மிச்சத்தப் போடுங்க" என்றார் ஐயாவு அண்ணன்.

"மிச்சமா? இன்னைக்குக் கரண்டே போகலையே அண்ணே!"

"கரண்டு போகாமயா கதை பாதியில நிக்குது?"

சேற்றுக் காலோடு ஓர் அம்மா, "கல்லு வந்துச்சு, ஆளு எங்க?" என்று என் சட்டையைப் பிடித்துவிட்டது. பாத்திரக்கடை விளம்பரம் போடுவதற்காக நான்தான் சூரசேனன் ஊர் திரும்புவதை வெட்டிவிட்டேன் என்று ஒருவர் கிளப்ப, இரண்டு பேர் கேபிள் ஒயரைப் பிடித்து இழுத்தார்கள்.

நல்லவேளையாக ரிடையர்டு ஹெட்மாஸ்டர் பஞ்சாபகேசன் சார் வந்தார். "கல்லை இளவரசன் தன் கையாலயே கொடுத்தாத்தான் சாபம் போகும்னு மூணாம் பாகத்துல மந்திரவாதி தெளிவா சொல்லியிருக்கான். கிளி கொடுத்தது செல்லாது. கம்பெனி மேலதான் தப்பு, ஜெகபரை விடுங்கோ" என்றார். அங்கேயே உட்கார்ந்து பம்பாய்க் கம்பெனிக்கு இங்கிலீஷில் ஒரு மனு எழுதி, எங்களுக்காகத் தமிழில் வாசித்தார். வாதம் எல்லாம் பிரமாதம். கடைசி வரி மட்டும், 'அவன் வரும் தேதியை இந்த முறையாவது உறுதியாகத் தெரிவிக்கவும்' என்று இருந்தது. அதை வாசித்ததும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அமெரிக்காவில் இருக்கும் அவர் மகன் விஸ்வா ஒவ்வொரு பொங்கலுக்கும் வருவதாகச் சொல்வது எல்லோருக்கும் தெரியும். வரிசையாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பாயைச் சுருட்டினார்கள்.

இவ்வளவு அமளியிலும் நம் லாத்தா சிரித்துக்கொண்டுதான் இருந்தது. "கதைதானே, இதுக்குப் போயி ஊரே அழுவுதா?" என்றது. ஆகவே தாங்கள் இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம். கையெழுத்தைப் போடுங்கள். இங்கே எந்தக் குறையும் இல்லை. அடுத்த வாரம் விமானம் ஏறும் ஜாஹித் கையில் கேசட்டும் லாத்தா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயும் கொடுத்தனுப்புகிறோம்.

உம்மாவின் துஆவும், லாத்தாவின் ஸலாமும், பச்சை ஓரத்து டி.வி.யின் விசாரிப்பும் தங்களுக்கு வந்து சேரட்டும். வெயிலில் அலையாமல் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லைத் தட்டாத மைத்துனன்,
ஜெகபர் அலி

பின்குறிப்பு: இதுவரை எழுதியதை லாத்தா வாசித்துப் பார்த்து, "ம், ஒட்டிடு" என்று சொல்லிவிட்டு அசர் தொழப் போயிருக்கிறது. அதற்குள் இதை எழுதுகிறேன். லாத்தா சிரித்தது என்று மேலே எழுதியது பொய். அன்று மிச்சம் கேட்டு முதலில் வந்தது ஐயாவு அண்ணன் இல்லை, லாத்தாதான். கதை முடிந்ததும் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வராத கேபிள் ரூமுக்குத் தனியாக வந்து நின்றது. "மிச்சம் இருக்காடா ஜெகபர்?" என்றது. இல்லை லாத்தா, அவ்வளவுதான் என்றேன். "நல்லாப் பாரு" என்றது. கேசட்டை ஓட விட்டேன். பெயரெல்லாம் போய் வெறும் புள்ளி புள்ளியாக ஓடியது. டேப் தீரும்வரை அதையே நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. கையெழுத்துப் போடாதீங்க மச்சான். ஊரே என்னிடம் மிச்சத்தைக் கேட்கிறது. அது என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது. வாங்க.