ஆகாரத்துக்குப் பின் பந்தாட்டம்

எதையும் அளவோடு செய்யச் சொல்லும் டாக்டர்களில் பாதிப் பேருக்கு அளவு தெரியாது. எனக்குப் பேச்சில் தெரியாது. (என் மனைவி கேட்டால், "பேச்சில் மட்டுமா?" என்பாள்.)

அறுபதுகளின் தொடக்கம். கொச்சியில், மிளகுக் கிடங்குகள் நிறைந்த மட்டாஞ்சேரியில் நான் கிளினிக் திறந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மிளகுத் தூசியில் தும்முகிறவர்களைத் தவிர யாரும் வருவதில்லை. அப்போதுதான் கிடங்கு மேஸ்திரி விசுவநாதன் வந்தார். வயது நாற்பத்தெட்டு, வாசல்படி ஏறியதற்கே மூச்சு வாங்கியது.

"சின்ன வயசுல பால் பாட்மிண்டன் ஆடிண்டிருந்தேன். இனியும் ஆடலாமா டாக்டரே?"

முக்கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். சாயங்காலம் மட்டும் ஆட வேண்டும், அரை மணிக்கு மேல் கூடாது, வயிறு நிறைந்திருந்தால் மட்டையைத் தொடவே கூடாது, மூச்சு முட்டினால் உட்கார்ந்துவிட வேண்டும். பாதியில் அவர் கொட்டாவி விட்டார். ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் மத்தியானம் அவர் மகள் அலமேலு ஓடி வந்தாள். "வேகம் வாங்கோ டாக்டரே! அப்பா மைதானத்துல விழுந்துட்டார்!"

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். மனிதரைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். மர நிழலில் கிடத்தியிருந்தார்கள். கண் திறந்துதான் இருந்தது. நாடி படபடத்தாலும் சீராக இருந்தது. எனக்கு உயிர் வந்தது, கூடவே கோபமும்.

"இந்த வெயில்ல, சாப்பிட்ட கையோட யாராவது ஆடுவாளா?"

"நீங்கதானே எழுதினேள்?" அலமேலு சீட்டை நீட்டினாள்.

என் கையெழுத்தேதான். 'பால் பாட்மிண்டன். தினம் மூன்று வேளை, ஆகாரத்துக்குப் பின். ஐந்து நாள்.' இருமல் மருந்துக்கு எழுதி எழுதிப் பழகிய கை!

"நான் வாயால அத்தனை சொன்னேனே!"

"வாயால சொல்றது உபசாரம். எழுதறதுன்னா மருந்து" என்றார் அவர் மெதுவாக. "ராத்திரி வேளைதான் கஷ்டம் டாக்டரே. பந்து கண்ணுக்குத் தெரியலை."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தேறும்வரை தினமும் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். (தேறிய பிறகும் போனேன். அடுத்த வருஷம் அவர் எனக்கு மாமனார் ஆனார்.)

அந்தச் சீட்டு அலமேலுவின் பெட்டியில் இன்னும் பத்திரமாக இருக்கிறது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் நாற்காலியில் சாய்ந்தால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்:

"ஆகாரம் ஆச்சோல்லியோ? மட்டையை எடுத்துக்கோங்கோ!"